கத்திரி வெயிலில் ஒன்பது சென்ட்

சித்திரை மூன்றாம் தேதி சாயங்காலம் கருங்கோழியை அவயத்துக்கு வைத்தேன். பதினொரு முட்டை. பழைய மூங்கில் கூடையில் மணல் பரப்பி, மேலே வைக்கோல் போட்டு, முட்டைகளை அடுக்கி, இருட்டின பிறகு கோழியைத் தூக்கி மேலே விட்டேன். அது உடம்பைக் குலுக்கி, அலகால் ஒவ்வொரு முட்டையாக வயிற்றுக்கடியில் இழுத்துக்கொண்டு அடங்கியது.

அத்தை திண்ணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்கள்: "சித்திரையில வைக்காத தாயி. வெயிலு முட்டையத் தின்னுபுடும். கோடையில எதையும் பெருக்கப் பாக்காத. இருக்குறது பொழச்சாப் போதும்."

நான் கேட்கவில்லை. கோழி பத்து நாளாக அவயத்துக்கு வந்து, கூட்டைவிட்டு எழுந்திரிக்காமல், கிட்டப் போனால் சிலிர்த்துக்கொண்டு நின்றது. அதன் ஆசையைக் கெடுப்பானேன் என்று இருந்துவிட்டேன். அத்தை அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை. அடுப்பிலிருந்து ஒரு கரித்துண்டும், துருப்பிடித்த லாடம் ஒன்றும் எடுத்துவந்து கூடைக்குள் செருகினார்கள். கோடை இடி இடித்தால் முட்டை கெட்டுப்போகும், கரியும் இரும்பும் இருந்தால் தாங்கும் என்பது அவர்கள் கணக்கு.

எங்கள் வீடு நத்தத்துக்குப் பக்கத்தில். தூரத்தில் கரந்தமலை தெரியும். வீட்டுக்குப் பின்னால் ஒன்பது சென்ட் செம்மண் கொல்லை. மாமனார் காலத்துச் செந்தூர மாமரம் ஒன்று, நான் வைத்த ஒட்டுக் கிளிமூக்கு ஒன்று, மூன்று கொய்யா, ஒரு சப்போட்டா, இரண்டு எலுமிச்சை, ஒரு மாதுளை, இரண்டு பப்பாளி, வேலியோரம் முருங்கையும் அகத்தியும். இதற்கு நடுவில் ஒன்பது பெட்டைக்கோழியும் ஒரு சேவலும். எல்லாம் சிறுவிடை. ஆறு வருஷமாக இதுதான் என் வேலை. வீட்டுக்காரர் மில்லுக்குப் போய்விடுவார். கொல்லையை நானும் அத்தையும் பார்த்துக்கொள்கிறோம்.

மாடித் தோட்டம், வீட்டுத் தோட்டம், நாட்டுக்கோழி என்று ஆசைப்பட்டு ஆரம்பிக்கிறவர்கள் இப்போது நிறையப் பேர். ஆடியிலும் ஐப்பசியிலும் யார் வேண்டுமானாலும் வளர்த்துவிடலாம். மழை பார்த்துக்கொள்ளும். பங்குனி பாதியிலிருந்து வைகாசி கடைசி வரைக்கும்தான் பாடம். அதிலும் மே 4-ஆம் தேதி வாக்கில் ஆரம்பித்து 28 வரைக்கும் போகும் கத்திரி நாட்களில் கொல்லையில் ஒரு தளிர் கூட வராது. வராதது குறை இல்லை என்று புரிந்துகொள்ள எனக்கு நாலு கோடை ஆனது.

கோழிக்கு வியர்க்காது. இதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதன் உடம்புச் சூடு சாதாரணமாகவே 41 டிகிரி செல்சியஸ். வெளியில் 40 டிகிரி அடிக்கும்போது உள்ளே இருக்கும் சூட்டை இறக்க அதற்கு இருக்கும் வழிகள் கொஞ்சம்தான். கொண்டை வழியாகவும் தாடி வழியாகவும் கொஞ்சம் போகும். இறக்கையை உடம்பிலிருந்து தளர்த்திப் பிடித்தால் கொஞ்சம் போகும். மிச்சமெல்லாம் மூச்சு வழியாகத்தான். மத்தியானம் இரண்டு மணிக்குக் கோழி வாயைப் பிளந்துகொண்டு, தொண்டை படபடவென்று அடிக்க நிற்பதைப் பார்த்தால் அது சூட்டோடு போராடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். கண் சொருகி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எனக்கு அப்படி ஒரு கோழி செத்தது. நல்ல செவலைக் கோழி, முட்டைக்குப் பேர்போனது. மழைக்கு ஒழுகாது என்று தகர ஷீட்டுப் போட்டுக் கூண்டு கட்டியிருந்தேன். நாய் வந்துபோகிறதே என்று அன்றைக்கு ஒரு நாள் எல்லாக் கோழியையும் அடைத்துவிட்டு நத்தத்துக்குச் சந்தைக்குப் போனேன். திரும்பி வரும்போது மணி மூன்று. கூண்டுக்குள் கையை விட்டால் அடுப்புக்குள் விட்டது போல இருந்தது. மற்றவை எப்படியோ தாங்கின. செவலை தாங்கவில்லை. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது.

அந்தத் தகரத்தை இன்னும் எடுக்கவில்லை. ஆனால் பங்குனியிலேயே மேலே தென்னங்கீற்று இரண்டு அடுக்குப் போட்டுவிடுகிறேன். கூண்டின் இரண்டு பக்கமும் கம்பிவலை, காற்று போய்வரும். பகலில் அடைப்பதே இல்லை. சுண்ணாம்பு அடிப்பதும் உண்டு, கூரைக்கும் மரத்துக்கும் சேர்த்து. இளமரத்தின் மேற்குப் பக்கப் பட்டை மத்தியான வெயிலில் வெந்து வெடிக்கும். தூரிலிருந்து இரண்டு அடிக்குச் சுண்ணாம்பு பூசினால் வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும்.

கோடையில் கோழி நிழலைத் தேடித் தானே போகும். அது எங்கே போகிறது என்று பார்த்துத்தான் கொல்லையில் எந்த இடம் குளிர்ச்சி என்று கற்றுக்கொண்டேன். காலை பதினொரு மணிக்கு எலுமிச்சைக்கு அடியில் இருக்கும். பன்னிரண்டுக்கு மேல் எல்லாமாகச் செந்தூர மாமரத்துக்கு வந்துவிடும். முருங்கை நிழலுக்கு ஒன்று கூடப் போகாது. அது சல்லடை நிழல். மேற்கு வெயிலை மறைக்க எனக்கு உடனடியாக ஒரு மரம் வேண்டியிருந்தது. அத்தைதான் அகத்தி போடச் சொன்னார்கள். வெற்றிலைக் கொடிக்காலில் நிழலுக்கும் கொடி படரவும் அகத்தி போடுவார்கள் இல்லையா, அதே யோசனை. ஒரு மழைக்காலத்தில் ஆளுயரத்துக்கு மேல் போய்விட்டது. கீரை நமக்கு, உதிரும் இலை கோழிக்கு.

தண்ணீர் விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஒரு கோழி சாதாரண நாளில் கால் லிட்டர் குடித்தால் வெயிலில் அரை லிட்டர் குடிக்கும். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வைத்தால் பத்து மணிக்கே வெந்நீர். வெந்நீரைக் கோழி தொடாது. அதனால் அகலமான மண்சட்டி நாலு, நாலு இடத்தில், பாதி மண்ணில் புதைத்து வைத்திருக்கிறேன். பதினொன்றுக்கும் இரண்டுக்கும் தண்ணீரை மாற்றுவேன். பழைய தண்ணீர் பக்கத்து மரத்துக்குப் போகும். காலையில் ஒரு சட்டியில் மட்டும் நீர்மோர், உப்பு ஒரு சிட்டிகை. இரை ஆறு மணிக்குள் ஒருமுறை, சாயங்காலம் ஐந்துக்கு மேல் ஒருமுறை. மத்தியானம் தானியம் போடவே கூடாது. தின்ற இரை செரிக்கும்போது உடம்பில் சூடு ஏறும். அந்தச் சூடும் வெயிலும் சேர்ந்தால் தாங்காது. மத்தியானத்துக்கு வெள்ளரித் தோலும் கீரைத்தண்டும் போதும்.

சித்திரை வந்தாலே முட்டை ஓடு மெலிந்துவிடும். எடுக்கும்போதே விரலுக்குள் நொறுங்கும். தீனி சரியில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். விஷயம் மூச்சில் இருக்கிறது. கோழி இரைக்க இரைக்க உடம்பிலிருந்து கரியமில வாயு அதிகமாக வெளியே போய்விடுகிறது. ஓடு என்பது சுண்ணாம்பும் அந்த வாயுவும் சேர்ந்து ஆகிறதுதான். ஒன்று குறைந்தால் ஓடு மெலியும். ஓடு கட்டுவது பெரும்பாலும் ராத்திரியில். அதனால் கிளிஞ்சலையோ, வறுத்து நொறுக்கின முட்டை ஓட்டையோ காலையில் போடுவதைவிடச் சாயங்காலம் போட்டால் உடம்பில் ஒட்டும். இப்போது அப்படித்தான் செய்கிறேன். நிழலும் சேர்ந்ததால் ஓடு பரவாயில்லை.

மரத்துக்கும் கோழிக்கும் சண்டை வருவதும் கோடையில்தான். தண்ணீர் ஊற்றின ஈரம் நிற்க, மரத்தின் பாத்தியில் சருகும் வைக்கோலும் தேங்காய் மட்டையும் போட்டு மூடாக்கு வைக்க வேண்டும். அரை அடி உயரத்துக்கு மூடாக்கு இருந்தால் இரண்டு நாளைக்கு ஒருமுறை ஊற்றும் தண்ணீரை ஐந்து நாளைக்கு ஒருமுறை ஊற்றினால் போதும். எங்கள் மண்ணில் நான் பார்த்த கணக்கு இது. ஆனால் கோழிக்கு மூடாக்கு என்றால் கல்யாண விருந்து. கீழே பூச்சி, புழு, கறையான், குளுகுளு ஈரம். பத்தே நிமிஷத்தில் கிளறி இறைத்துவிடும். கிளறினது போதாதென்று அங்கேயே குழி பறித்து மண்குளியல் வேறு. மண்ணில் புரண்டு இறகுக்குள் புழுதியை ஏற்றிக்கொண்டால்தான் செள்ளு ஒழியும், அது அதற்கு அவசியம். போன வருஷம் மாதுளையின் சல்லிவேர் முழுக்க வெளியே தெரிந்தது. மரம் பிஞ்சையெல்லாம் உதிர்த்துவிட்டு நின்றது.

மூடாக்கின் மேல் உடைந்த கூரை ஓடுகளைப் பரப்பிப் பார்த்தேன். ஓடு சூடேறி இன்னும் மோசம். கடைசியில் கருவேல முள்ளை வெட்டி, மூடாக்கின் மேல் வட்டமாகப் படர விட்டதுதான் நின்றது. கோழிக்கென்று தனியாக அகத்தி நிழலில் ஒரு குழி தோண்டி, அடுப்புச் சாம்பலும் செம்மண்ணும் கலந்து போட்டேன். அதன் இடம் அதற்குக் கிடைத்ததும் மரத்தை விட்டது.

இளங்கன்றுகளுக்குப் பானைப் பாசனம். ஐந்து லிட்டர் மண்பானையின் அடியில் சின்னத் துளை போட்டு, பருத்தித் துணியைத் திரியாகச் செருகி, கன்றிலிருந்து ஒரு அடி தள்ளிக் கழுத்துவரை புதைக்க வேண்டும். வாய்க்குச் சிரட்டை மூடி. மூடாவிட்டால் கொசு முட்டையிடும், குஞ்சு எட்டிப் பார்த்து விழுந்துவிடும். ஒரு பானை நாலு நாள் தாங்குகிறது. குழாயில் ஒருநாள்விட்டு ஒருநாள் தண்ணீர் வரும் ஊரில் இது பெரிய விஷயம். பாத்திரம் கழுவும் தண்ணீர் வாய்க்கால் வழியாகக் கல்வாழைக்குள் ஓடி, அதிலிருந்து சப்போட்டாவுக்குப் போகிறது.

கோழி எரு நல்ல எருதான். ஆனால் அது சூட்டு எரு. தழைச்சத்து மற்ற எருவைவிட அதிகம். பச்சையாகப் போட்டால் வேரைச் சுட்டுவிடும். ஒட்டுக் கிளிமூக்கு வைத்த முதல் வருஷம், ஆசையில் கூண்டைக் கூட்டி அள்ளின எச்சத்தை அப்படியே சித்திரையில் தூரில் கொட்டினேன். நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீய்ந்து கருகியது. அத்தை பார்த்துவிட்டு, எருவை வழித்து எடுத்து, ராத்திரி முழுக்கக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். மரம் தப்பியது, ஒரு வருஷம் பின்தங்கித்தான். இப்போது எச்சத்தைச் சருகோடு அடுக்கி நாலு மாசம் மக்கவிட்டு, ஆடியில் மழை பார்த்துப் போடுகிறேன்.

சண்டையை மட்டும் சொன்னால் கோழிக்குத் துரோகம். மாமரத்தடியில் அது செய்யும் வேலை எந்த மருந்தும் செய்யாது.

மாங்காய் முற்றும்போது பழ ஈ வரும். தோலைக் குத்தி உள்ளே முட்டையிடும். வெளியே ஒரு கருப்புப் புள்ளி தெரியும், அவ்வளவுதான். உள்ளே வெள்ளைப் புழு சதையைத் தின்று வளரும். காய் அழுகி விழும். விழுந்ததும் புழு குபுக்கென்று துள்ளி வெளியே வந்து மண்ணுக்குள் இரண்டு விரல் ஆழத்தில் புகுந்து கூட்டுப்புழுவாகும். பத்து நாளைக்குள் ஈயாகி மேலே வந்து அடுத்த காயைக் குத்தும். இந்த ஓட்டத்தை அறுக்க வேண்டுமானால் விழுந்த காய் ஒன்று கூடத் தரையில் கிடக்கக் கூடாது, மண்ணைக் கிளறியும் விட வேண்டும். யார் தினமும் கிளறுவது?

வைகாசி முதல் வாரம் ஒருநாள் காலை, விழுந்த செந்தூரம் ஒன்றை அரிவாள்மணையில் பிளந்து தரையில் வைத்தேன். புள்ளிக்கோழி ஓடிவந்தது. சதையைத் தொடவில்லை. தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்த்தது. புழு ஒன்று உடம்பை வளைத்து வில்லாகத் துள்ளியதும் டக்கென்று கொத்தியது. பதினேழு வரைக்கும் எண்ணினேன், பிறகு மற்றவை வந்துவிட்டன. பழம் முடிந்ததும் அங்கேயே காலால் மண்ணைப் பறித்தது. மண்ணிலிருந்து சின்னச் சின்னப் பழுப்பு மணிகள் வெளிப்பட்டன, சீரகத்தைவிடச் சற்றுத் தடிமனாக. அவைதான் கூட்டுப்புழு. ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தின்றது. நான் கைக்கொட்டு வைத்துக்கொண்டு மணிக்கணக்காகத் தேடினாலும் பாதி கூடக் கிடைத்திருக்காது. கோழி வருவதற்கு முந்தின வருஷங்களில் செந்தூரத்தில் மூன்றில் ஒன்று புழுவாகப் போகும். இந்தக் கோடையில் கூடை கூடையாகப் பறித்ததில் புழுத்தது கொஞ்சம்தான். கொய்யாவுக்கு மட்டும் கூடுதலாகப் பழ ஈப் பொறி ஒன்று கட்டியிருக்கிறேன். பொறியில் ஆண் ஈ மட்டும்தான் விழும். மண்ணில் இருப்பதைக் கோழிதான் பார்க்க வேண்டும்.

கோழி மேய்கிற கொல்லையில் மருந்து அடிக்க முடியாது. பப்பாளியில் வெள்ளையாக மாவுப்பூச்சி அப்பினபோது அக்கம்பக்கத்தில் அடிக்கச் சொன்னார்கள். நான் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவியதோடு நிறுத்தினேன். இந்தப் பூச்சி நம் நாட்டில் முதலில் தென்பட்டது 2008-இல், கோயம்புத்தூரில். பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று தோட்டம் தோட்டமாகக் காலி செய்தது. மருந்துக்கு அடங்கவில்லை. 2010-இல் புவேர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு குட்டிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள்ளேயே முட்டையிட்டு அதை அழித்தது. மருந்து அடித்தால் அந்தக் குளவியும் செத்துவிடும். பப்பாளி இரண்டும் இப்போது நன்றாகவே இருக்கின்றன.

மே 7-ஆம் தேதி இருபத்தோராம் நாள். பதினொரு முட்டையில் மூன்றுதான் பொரிந்தது. நாலு கூமுட்டை. நாலில் குஞ்சு உருவாகி, வெளியே வர முடியாமல் செத்திருந்தது. கருங்கோழி இன்னும் இரண்டு நாள் அந்த முட்டைகளை விட்டு எழவில்லை. எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அத்தை ஒரு வார்த்தை சொல்லிக்காட்டவில்லை. கால்நடை மருந்தகத்தில் கேட்டேன். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "முட்டையை எங்கம்மா வச்சிருந்தீங்க?" அடுப்படியில், மேல் தட்டில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே. பதிமூன்று நாள் சேர்த்த முட்டை. அங்கேதான் கோளாறு. கோழி உட்கார்ந்தால்தான் கரு வளரும் என்று நினைக்கிறோம். கிட்டத்தட்ட 21 டிகிரியைத் தாண்டினாலே கரு கொஞ்சம் கொஞ்சமாக அசைய ஆரம்பித்துவிடுகிறது. முழுசாக வளர 37 டிகிரிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அடுப்படிச் சூட்டில் கிடந்தால் கரு அரைகுறையாக வளர்ந்து, களைத்து, கோழியிடம் போவதற்கு முன்பே செத்துவிடும். வெயில் முட்டையைத் தின்னும் என்று அத்தை சொன்னது இதைத்தான். இடியின் மேல் போட்ட பழி பாதி வெயிலுடையது. இடி வருகிற மாசமும் சூடு ஏறுகிற மாசமும் ஒன்று.

இரண்டாவது முறை புள்ளிக்கோழி அவயத்துக்கு வந்தது. இந்தத் தடவை அத்தையும் நானும் சேர்ந்து செய்தோம். வாயகன்ற மண்தொட்டியில் ஈரமணல், அதற்குள் ஒரு சின்னப் பானை, பானைக்குள் முட்டை, வாயில் ஈரத்துணி. அதுதான் எங்கள் குளிர்பெட்டி. முட்டையைக் காலையிலும் சாயங்காலமும் கூட்டிலிருந்து எடுத்துவிடுவேன். பென்சிலால் தேதி எழுதி, கூர்முனை கீழே இருக்கும்படி வைப்பேன். மூன்று கோழிகளின் முட்டை என்பதால் ஆறு நாளில் பன்னிரண்டு சேர்ந்தது. மே 20 ராத்திரி, செந்தூர மாமரத்துக்குப் பக்கத்துச் சுவரோரம், ஈரமணல் மேல் கூடையை வைத்தோம். கரித்துண்டும் லாடமும் மறுபடி உள்ளே போயின. நானேதான் எடுத்துக்கொடுத்தேன்.

ஏழாம் நாள் இருட்டில் செல்போன் டார்ச்சின் மேல் முட்டையை வைத்துப் பார்த்தோம். அத்தைக்கு எழுபத்துநாலு வயசு, ஆயுசுக்கும் கோழி வளர்த்தவர்கள், உள்ளே பார்த்தது அதுதான் முதல் தடவை. முட்டை முழுக்கச் சிவப்பாக ஒளிர்ந்தது. நடுவில் ஒரு கருப்புப் பொட்டு, அதிலிருந்து நாலாபக்கமும் சிலந்தி நூல் மாதிரி ரத்த நரம்பு. பொட்டு லேசாக அசைந்தது. "ஏ ஆத்தி," என்று சொல்லிவிட்டு அத்தை முட்டையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டார்கள். ஒன்றில் மட்டும் நரம்பில்லை, வெறும் வெளிச்சம். அதை எடுத்துவிட்டோம்.

மே கடைசியில் இரண்டு கோடை மழை. இரண்டாவது மழையில் வீடே அதிர்கிற மாதிரி இடி. புள்ளிக்கோழி கண்ணை மூடித் திறந்ததோடு சரி.

ஜூன் 10-ஆம் தேதி காலை ஒன்பது குஞ்சு. முதல் மூன்றையும் சேர்த்தால் பன்னிரண்டு. பெரிய மூன்றும் இப்போது நன்றாக வளர்ந்து, எலுமிச்சை இலையில் பறவை எச்சம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும் புழுவைத் தேடித் தின்கின்றன. சின்னதுகளுக்குக் கறையான் பானை போடுகிறேன். பழைய பானையில் காய்ந்த சாணியும் கிழிந்த சாக்கும் திணித்து, தண்ணீர் தெளித்து, சாயங்காலம் புற்றுக்குப் பக்கத்தில் கவிழ்த்து வைத்தால் விடியும்போது நிறையக் கறையான். பகலில் பருந்துக்கும் கீரிக்கும் பயந்து பஞ்சாரத்தில், ராத்திரி கூண்டில்.

இனி பயம் வெள்ளைக்கழிச்சல். ராணிக்கேத் என்பார்கள், 1920-களில் அந்தப் பேருள்ள மலையூரில் கண்டதால் வந்த பேர். வந்தால் கூண்டோடு போகும். மருந்து கிடையாது, தடுப்பூசிதான். ஏழாம் நாள் கண்ணில் ஒரு சொட்டு, எட்டாம் வாரம் இறக்கையில் ஊசி. சொட்டு மருந்துக் குப்பியில் நூறு குஞ்சுக்கு இருக்கும். கலக்கினால் உடனே போட்டு முடிக்க வேண்டும், பனிக்கட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தால் வீண். ஒன்பது குஞ்சுக்கு நூறு சொட்டைத் திறக்க மனசு வரவில்லை. அதனால் நேற்று அத்தை தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டுவந்தார்கள். மேலத்தெருவில் பதினாலு, ரேஷன் கடைப் பக்கம் இருபத்திரண்டு, டீக்கடைக்கார அண்ணன் வீட்டில் எட்டு. எல்லாரும் 17-ஆம் தேதி காலை ஆறு மணிக்குக் குஞ்சுகளைக் கூடையில் எடுத்துக்கொண்டு எங்கள் மாமரத்தடிக்கு வருகிறார்கள். வெயில் ஏறுவதற்குள் போட்டுவிட வேண்டும். பனிக்கட்டிக்குத் தெர்மாஸ் குடுவை ஒன்றைக் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறேன்.